மூன்றாவது குறிப்பு

"பொண்ணுக்கு என்ன சார் பிடிக்கும்?" என்று கடையில் இருந்த பெண் கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். அதற்குக் குணசீலன், "ரொம்பப் புத்திசாலிம்மா" என்றான். கேட்டதற்கும் சொன்னதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பதினெட்டு வருஷமாகப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். பையன்கள் விடைத்தாளில் இப்படி எதையாவது எழுதிவைத்தால் சிவப்புப் பேனாவால் சுழித்து 'கேட்டதற்கு மட்டும் எழுதவும்' என்று போடுகிறவன். அந்தப் பெண் நல்ல மாதிரி. சட்டையில் நஸ்ரின் என்று பெயர் குத்தியிருந்தது. சிரிக்காமல், "அப்ப இந்த வரிசை பூரா பாருங்க சார், எல்லாம் மூளைக்கு வேலை குடுக்குற கேம்தான்" என்று காட்டிவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டாள். தில்லைநகரில் ஒரு மாடிக் கடை, சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, ஏசி போட்டும் கழுத்தில் கசகசப்பு. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. அதிமேதைக் குழந்தைகளுக்கு ஏற்ற பத்து வீடியோ கேம்கள் என்று இணையத்தில் யாரோ எழுதியதை ஸ்டாஃப் ரூம் பிரிண்டரில் எடுத்து, நாலுக்கு டிக் அடித்து, இரண்டுக்குக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தான். நாளைக்கு சஹானாவுக்குப் பத்து வயசு. "இந்தத் தடவையாச்சும் அவளையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று சுகந்தி சொன்னாள். அவனும் கூப்பிட்டான். சஹானா புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து, "நீங்களே போயிட்டு வாங்கப்பா, எதுனாலும் சரி" என்றாள். கோபமாகச் சொன்னாலாவது கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருக்கலாம். அவள் மரியாதையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, காப்பியா டீயா என்றால் சொல்வதுபோலச் சொன்னாள்.

எதுனாலும் சரி. பெற்ற பெண் எதுனாலும் சரி என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஆள் இல்லாமல் அவன் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பாலம் கட்டும் விளையாட்டு. கம்பி, மரம், கயிறு எல்லாம் கொடுப்பார்கள், ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட வேண்டும், மேலே லாரி போகும். இது ஆகாது, இதில் அவனுக்கு எல்லாமே தெரியும், பார்த்த மாத்திரத்திலேயே எந்தக் கம்பி இழுபடும் எது நசுங்கும் என்று வாயில் வந்துவிடும். வைத்துவிட்டான். என்ன பிடிக்கும் சார். என்ன பிடிக்கும். தயிர்சாதத்துக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தட்டிப் பார்க்கப் பிடிக்கும், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வாள், அது சரியாகவும் இருக்கும். வீடியோ கேமில் என்ன பிடிக்கும் என்றால் ஒன்று தெரியும், தெரிந்திருந்தது. 'வரல' என்பது பிடிக்கும். போன வருஷம் அவன் வாங்கிக் கொடுத்த விளையாட்டில் ஒரு குட்டி உருவம், கையில் விளக்கு, நிலவறை நிலவறையாக இறங்கிக்கொண்டே போகும், மொத்தம் நாற்பத்திரண்டு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு, ஒரு சூட்சுமம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகால் கழுவினாளோ இல்லையோ அதன் முன்னால் உட்காருவாள். அரைமணி கழித்து அவனிடம் ஓடி வருவாள். "அப்பா, இது வரவே மாட்டேங்குதுப்பா" என்பாள். கண் ரெண்டும் மின்னும், மூக்கு நுனி வேர்த்திருக்கும், ஒரு காலில் நிற்பாள். அந்த முகத்தை அவன் பார்க்கத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு, குழந்தை கஷ்டப்படுகிறது என்று நினைத்தான். கடவுளே, எவ்வளவு படித்து என்ன, சந்தோஷத்துக்கும் கஷ்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனாக இருந்திருக்கிறான்.

அந்த டாக்டரம்மா சொன்னார்களே, படித்துப் படித்துச் சொன்னார்களே. கன்டோன்மென்ட்டில் அவர்களுடைய அறை, மேசையில் மரத்துண்டுகள், சஹானா வெளியே மீன்தொட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள். சஹானாவின் புத்திக்கூர்மை இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொன்னார்கள். சுகந்திக்கு அது பெரிசா சின்னதா என்று தெரியாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். பெரிசுதான், ரொம்பப் பெரிசு. அந்த எண்ணை அவன் அன்றைக்கே நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னான், ஸ்டாஃப் ரூமில் சொன்னான், இன்று வரைக்கும் மறக்கவில்லை. எண்ணுக்குப் பிறகு அந்த அம்மா சொன்னதுதான் மறந்துபோயிற்று, இல்லை, மறக்கவில்லை, வேறு மாதிரி காதில் விழுந்தது. "இவளுக்கு எல்லாமே வந்துடும் சார். அதுதான் இவளுக்கு இருக்கிற ஒரே பிரச்சினை. வராத எதையாவது குடுங்க. அதுகூட அவ கொஞ்ச நாள் இருக்கட்டும்." டைரியில் அவன் குறித்துக்கொண்டது: 'சவாலான விளையாட்டுகள்'. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்பதைக் குறிக்கவில்லை. குறிக்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. வராத ஒன்றோடு ஒரு மனுஷப் பிறவி எதற்காக இருக்க வேண்டும், வரவழைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. இந்தப் பெட்டியில் ரோபோவுக்குக் கட்டளை எழுத வேண்டுமாம், எட்டு வயதுக்கு மேல். காகிதத்தில் இதற்கு டிக் இருக்கிறது. இருக்கட்டும், இன்னும் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு அம்மாளும் மகனும் கார் ரேஸுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் தரையில் உட்கார்ந்தே விட்டான். குணசீலனுக்குப் பொறாமையாக இருந்தது. தனக்கு இதுதான் வேண்டும் என்று தரையில் உட்காருகிற பிள்ளையைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள்.

வகுப்பில் அவனுக்கு வராமல் போனது ஒரே ஒரு தரம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இரண்டாம் வருஷ வகுப்பு, கரும்பலகையில் ஒரு கணக்கு. தொடங்கும்போது வரும்போலத்தான் இருந்தது. பாதியில் நின்றுவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டான், அதே இடத்தில் நின்றது. முதுகுக்குப் பின்னால் அறுபது பேர். முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு செருப்பு தரையில் தேய்ந்த சத்தம், பிறகு கடைசி பெஞ்சிலிருந்து, ரொம்ப மெதுவாக, "சார், தண்ணி வேணுமா சார்?" அறுபது பேரும் சிரித்தார்கள். சுண்ணாம்புக்கட்டி வேர்வையில் ஈரமாகிக் கையில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டல் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பதினெட்டு வருஷத்தில், முந்தின நாள் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கைக்கூட அவன் வகுப்பில் தொட்டதில்லை. நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்கியது அப்படித்தான். அதனால் சஹானா அந்த விளக்கு விளையாட்டில் நான்காவது அறையில் வந்து, "அப்பா, இது வரலப்பா" என்று ஒற்றைக் காலில் நின்றபோது, அவனுக்கும் அது வராதபோது, உள்ளங்கையில் அந்த ஈரம் திரும்ப வந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை முன்னால். அந்த எண்ணை வாங்கிய பிள்ளை முன்னால். அவளுக்காகச் செய்தேன் அவளுக்காகச் செய்தேன் என்று சுகந்தியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவளுக்காக என்ன அவளுக்காக, பயந்து செய்தான். அதைச் சுகந்தியிடம் சொன்னதில்லை, இப்போது இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு தன்னிடமே சொல்லிக்கொள்கிறான், ரொம்பச் சீக்கிரம்தான்.

அதே விளையாட்டைத் தன் போனிலும் இறக்கிக்கொண்டான். காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்னால், பால் பாக்கெட் வருகிற நேரத்தில், சமையல்கட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த மூன்று அறைகளை முடித்துவிடுவான். முடித்துவிட்டுச் சும்மா இருந்தானா, இல்லை. நீட்டு நோட்டு ஒன்று எடுத்து, அறை எண், படம், சங்கிலி எந்தப் பக்கம், கல் எந்தப் பக்கம், சூட்சுமம் என்ன, எல்லாம் வரைந்து, விடையைச் சிவப்பு மையில் எழுதினான். பாடக்குறிப்பு எழுதிப் பழகின கை. சாயங்காலம் அவள் 'வரல' என்று வந்தால் தாடையைச் சொறிந்துகொண்டு, இப்போதுதான் பார்ப்பதுபோல, "அந்தச் சங்கிலியை ஒருவாட்டி பாரேன்" என்பான். அவள் போய்ப் பார்ப்பாள். திறந்துகொள்ளும். "அப்பா, எப்படிப்பா" என்பாள். அந்த 'எப்படிப்பா'வுக்கு அவன் அலைந்தான், வேறென்ன. மாச சம்பளத்துக்கு அறுபது பேர் சார் சார் என்பது வேறு, அந்தப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு எப்படிப்பா என்பது வேறு. போகப் போக அவள் ஓடி வருவது குறைந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்ப்பாள், அவன் சொல்வான், திறக்கும். முப்பத்தொன்றாவது அறையில் மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது நாள். ஒன்பது நாளும் அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல், சாப்பிடும்போது விரலால் தட்டில் கோடு போட்டுக்கொண்டு, ஸ்கூல் வேனில் ஏறும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ராணி மாதிரி இருந்தாள். அந்த ஒன்பது நாள்தான் டாக்டரம்மா சொன்ன கொஞ்ச நாள். அப்போது அவனுக்கு அது தெரியவில்லை. பிள்ளை வாடிப்போகிறதே என்று ஆறாவது நாளே நோட்டில் அந்த அறைக்குக் கீழே எழுதிவைத்தான்: 'இரண்டு குறிப்பு மட்டும் கொடுக்கவும். அழுதால் மூன்றாவது.'

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. படம் வரைய வெள்ளைத் தாள் தேடினவள் பழைய பேப்பர் கட்டுக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்துவிட்டாள். அவன் குளித்துவிட்டு வரும்போது தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். கத்துவாள், கிழித்துப் போடுவாள் என்று நினைத்து அவன் துண்டோடு அப்படியே நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்து, "நான் அழவே இல்லையேப்பா" என்றாள். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். தான் எப்போது அழுதோம் என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. அவன் என்னவோ சொன்னான், சும்மா எழுதினேன்மா என்று, அப்பாவுக்கும் விளையாடப் பிடிக்கும்ல என்று, வாய்க்கு வந்ததெல்லாம் உளறினான். ஒரு வார்த்தை, தப்பும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனுஷனுக்கு அதுமட்டும் வாயில் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரைக்கும், வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி, சிவப்பு மையில் இருந்ததை ஒன்றுவிடாமல் செய்து, மூன்றரை மணிக்கெல்லாம் முடித்துவிட்டாள். விளையாட்டு முடிந்ததற்கு டிவியில் பெரிசாக மத்தாப்பு விட்டார்கள். நோட்டைக் கொண்டுவந்து அவன் மேசைமேல் வைத்து, "முடிச்சிட்டேன்பா" என்றாள். இவன் என்ன செய்தான் தெரியுமா, "சபாஷ்" என்றான். அந்த சபாஷை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றும். எட்டு மாசம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் எந்த விளையாட்டையும் தொடவில்லை. படிக்கிறாள், முதல் மார்க் வாங்குகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஒரு தடவைகூட வரல என்று அவனிடம் வரவில்லை. எல்லாம்தான் வருகிறதே.

"சார், எதுவும் செட் ஆச்சா?" நஸ்ரின் வந்து நின்றாள். அவன் கையில் மூன்று பெட்டி இருந்தது, எப்போது எடுத்தான் என்றே தெரியவில்லை. ஒன்று நாடு பிடிக்கிறது, ஒன்று தோட்டம் போட்டு ஊர் நடத்துகிறது, ஒன்று அந்த ரோபோ. மூன்றையும் பார்க்கும்போதே அவனுடைய மூளை நோட்டில் கட்டம் போட ஆரம்பித்திருந்தது. எந்த நாட்டை முதலில் பிடிப்பது, எந்தப் பயிருக்கு எத்தனை நாள். இதற்கு என்ன மருந்து இருக்கிறது. காகிதத்தில் டிக் அடித்ததெல்லாம் எந்த விளையாட்டை அவளுக்குக் கொடுக்கலாம் என்பதா, எதை அவள் முன்னால் தனக்குத் தெரிந்ததுபோல் நடத்தலாம் என்பதா. இதுகூடத் தெரியவில்லை. "பாப்பா முன்னாடி என்ன கேம் சார் விளையாடினாங்க?" என்றாள். சொன்னான். "அதுவா, சூப்பர் கேம் சார் அது. என் தம்பி ஒரு வருஷம் வச்சிருந்தான், இன்னும் முடிக்கல. முடிக்காதன்னு நாங்களே சொல்வோம், முடிச்சிட்டா அடுத்தது கேப்பான்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். குணசீலனால் சிரிக்க முடியவில்லை. "அதே ஆளுங்க புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க சார். டெமோ இருக்கு, போட்டுப் பாக்குறீங்களா?" என்றாள். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். கை நீண்டுவிட்டது.

திரையில் ஒரு வாய்க்கால், இரண்டு கரையிலும் புல், நடுவில் ஒரு சின்னப் படகு. மூன்று மதகு. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடுகிறது, தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது. படகு மேல்வாய்க்காலுக்குப் போக வேண்டும். அவன் முதல் மதகைத் திறந்தான், படகு ஏறிற்று. இரண்டாவதைத் திறந்தான், இறங்கிவிட்டது. மாற்றிச் செய்தான், படகு பாதியில் நின்றது. மறுபடியும் தொடங்கினான், அதே இடத்தில் நின்றது. பின்னால் கார் ரேஸ் பையன் வந்து நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தான். உள்ளங்கை ஈரமாயிற்று. ரிமோட் வழுக்கிற்று. பின்னால் அறுபது பேர் இல்லை, ஒரே ஒரு பையன்தான், அதுவும் மூக்கை நோண்டிக்கொண்டு நிற்கிறான், அதற்கே இப்படி. அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டு நம்பர்.

"அப்பா, வரும்போது பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா" என்றாள் சஹானா. சரிம்மா என்றான். வைத்துவிடப் போகிறாள் என்று பயந்து, "கேம் கடைலதான்மா இருக்கேன். உனக்கு எந்த மாதிரி வேணும், சொல்லேன்" என்றான். "எதுனாலும் சரிப்பா." பிறகு, பஸ்ஸில் பெரியவர்களுக்கு இடம் விடுகிற குரலில், "நீங்க முதல்ல முடிச்சிட்டே குடுங்கப்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். குத்திக் காட்டவில்லை அவள். அவனுக்கு முடிப்பது பிடிக்கும் என்று நினைத்து, அதையும் அவனுக்கே விட்டுக்கொடுக்கிறாள். குணசீலன் திரையைப் பார்த்தான். படகு பாதியில் நின்றுகொண்டிருந்தது. "நான் எதையும் முடிக்கலம்மா" என்றான். "இங்க ஒரு படகு நிக்குது. மூணு மதகு. நானும் அஞ்சாறு வாட்டி பாத்துட்டேன். எனக்கு வரல." வீட்டு மின்விசிறி டொக் டொக்கென்று சுற்றுவது கேட்டது. "நிஜமா வரலையாப்பா?" என்றாள். அந்தக் குரல். எட்டு மாசமாக எங்கே வைத்திருந்தாளோ அந்தக் குரலை. ஒற்றைக் காலில்தான் நிற்கிறாள், பார்க்காமலே தெரிந்தது. நிஜமா வரல என்று சொல்ல வாயைத் திறந்தவன் கண்ணில், சும்மா திரையில் கிடந்த கண்ணில், பாழாய்ப்போன கண்ணில், அந்த மூன்றாவது மதகும் அதன் பக்கத்துச் சின்னக் கல்லும் பட்டன. வந்துவிட்டது. தேடாமல், கேட்காமல், அதுபாட்டுக்கு வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு விடையை அவன் சபித்ததில்லை. வரல என்று சொல்லிவிடலாம், போனில் முகம் தெரியப்போவதில்லை. அவள் துள்ளுவாள். தாடையைச் சொறிந்துகொண்டு சங்கிலியைப் பாரேன் என்றவனுக்கு இது என்ன பெரிய காரியமா. ஆனால் அதுவும் நோட்டில் எழுதினதுபோலத்தான், சிவப்பு மையில் இன்னொரு குறிப்பு. "வராமத்தான்மா இருந்துச்சு" என்றான். "இப்ப நீ கேக்கும்போது வந்துடுச்சு." "ம்" என்றாள். குரல் தணிந்தது. நஸ்ரின் பார்க்கிறாள், பையன் பார்க்கிறான், பார்க்கட்டும். "சஹானா, அந்த நோட்டு எழுதினது தப்பும்மா. நீ அழல. எனக்குத்தான் பயம்." மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுகந்தி எங்கோ தூரத்தில் யார் போன்ல என்று கேட்டாள். "பால் மறந்துடாதீங்க" என்றாள் சஹானா. அவ்வளவுதான், போயிற்று என்று அவன் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனான். "அப்பா." "சொல்லும்மா." "எப்படின்னு மட்டும் சொல்லிடாதீங்க." விடை நாக்கு நுனியில் இருந்தது, மூன்றாவது மதகு, சின்னக் கல். "சொல்லல" என்றான். ரிமோட்டை மேசைமேல் வைத்தான். படகு பாதி வாய்க்காலில் அப்படியே நின்றது.